எவ்வளவு ஜெயிச்சீங்க?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, எட்டே முக்கால் மணிக்கு, விளாங்குடியில் ஒரு சாதனை நடந்தது. மறுநாள் பேப்பரில் தேடியிருந்தாலும் உங்களுக்குக் கிடைத்திருக்காது. டி.வி.யில் கீழே ஓடுகிற எழுத்திலும் வரவில்லை. சாதனை செய்தவன் நான். வயது நாற்பத்தேழு. முன்வழுக்கை. சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி.

மதுரையிலிருந்து திண்டுக்கல் ரோட்டில் வந்தால் பாத்திமா கல்லூரியை ஒட்டி வருகிறது விளாங்குடி. 2011-ல் மாநகராட்சியோடு சேர்க்கும்வரை தனிப் பேரூராட்சி. இன்றைக்கும் பாதி நகரம், பாதி ஊர். ரோட்டு மேல் டைல்ஸ் கடையும் டயர் கடையும். உள்ளே தள்ளிப் போனால் கண்மாய். அந்த மெயின் ரோட்டில் ஒரு பெயின்ட் கடைக்கு மேலே, ஆள் ஏறினால் கடகடவென்று ஆடுகிற இரும்புப் படிக்கட்டு. மேலே ஒரு ஹால். பெரிய ஸ்நூக்கர் மேஜை ஒன்று, அதைவிடச் சின்ன மேஜை இரண்டு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஊரில் ஒரே பெயர்தான்: ‘ஸ்நூக்கர் கடை’.

நான் ஆடுவது சின்ன மேஜையில். அந்த ஆட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. தமிழில் எழுதினால் இரண்டே எழுத்து. எழுதினால் ஆசிரியர் அடித்துவிடுவார். ஏன் என்று மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆகவே ‘எட்டுப் பந்து’ என்றே எழுதிவிட்டுப் போகிறேன்.

ஆட்டம் ரொம்பச் சுலபம்... சொல்வதற்கு! பதினைந்து பந்துகளை முக்கோணமாக அடுக்கி, நடுவில் எட்டாம் நம்பர் கறுப்புப் பந்தை வைப்பார்கள். வெள்ளைப் பந்தால் அடித்து அதை உடைக்க வேண்டும். முழு நிறப் பந்து ஏழு, கோடு போட்ட பந்து ஏழு. ஒருவருக்கு அது, மற்றவருக்கு இது. உங்கள் ஏழையும் உள்ளே தள்ளிவிட்டுக் கடைசியில் கறுப்பைத் தள்ளினால் ஜெயிப்பு. ஒரு அடி தப்பினால் குச்சி எதிராளிக்குப் போய்விடும்.

உடைத்த கையோடு, ஒரு அடிகூடத் தப்பாமல், எதிராளிக்குக் குச்சியே கொடுக்காமல் கறுப்புவரை முடிப்பது என்று ஒன்று இருக்கிறது. கடைப் பையன்கள் அதை ‘ரன் அவுட்’ என்கிறார்கள். கிரிக்கெட்டில் ரன் அவுட் ஆனால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வர வேண்டும். இங்கே மீசையை முறுக்கிக்கொள்ளலாம்!

உலக சாம்பியன்களுக்கு இது தினப்படி இட்லி. என்னைப் போன்றவர்களுக்குத் தலைத் தீபாவளி. காரணம், பந்தைக் குழிக்குள் தள்ளுவது பாதி வேலைதான். தள்ளிய பிறகு வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கிறது என்பது மீதி. நடுவுக்குக் கீழே குத்தினால் பின்னால் வரும், மேலே குத்தினால் முன்னால் போகும், ஓரத்தில் குத்தினால் குஷனில் பட்டுத் திசை மாறும். இந்த அடியை அடிக்கும்போதே அடுத்த அடியையும், அதற்கடுத்த அடியையும் யோசித்திருக்க வேண்டும். இரண்டு வருஷம் எட்டு மாசமாக எனக்கு எப்போதும் நாலாவது அல்லது ஐந்தாவது பந்தோடு கதை முடிந்துவிடும். வெள்ளை போய் ஏதாவது ஒரு பந்துக்குப் பின்னால், மாமியாருக்குப் பயந்த மருமகள் மாதிரி ஒளிந்துகொள்ளும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒளியவில்லை. உடைத்ததில் கோடு போட்ட பந்து ஒன்று மூலையில் விழுந்தது. அதே வகையில் இன்னும் ஆறு. பிறகு கறுப்பு. மொத்தம் எட்டே அடி. கறுப்பு நடுப் பாக்கெட்டின் உதட்டில் ஒரு நொடி யோசித்துவிட்டு உள்ளே இறங்கியது.

எதிரே ஆடிக்கொண்டிருந்தவன்... தப்பு, ஆடாமல் நின்றுகொண்டிருந்தவன், பரவை காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிற பையன். பத்தொன்பது வயது. என்னைவிட நன்றாக ஆடுவான். “என்னண்ணே... எங்கிட்டு குச்சியக் கண்ல காட்டவே இல்ல!” என்று சிரித்தான். கீழே போய் இரண்டு பேரும் டீ குடித்தோம். அவன்தான் வாங்கிக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். ஊரிலிருந்து வந்திருந்த என் மச்சினன் கண்ணை அகல விரித்துக் கேட்டான்: “அப்படியா மச்சான்! எவ்வளவு ஜெயிச்சீங்க?”

“ஒண்ணும் இல்லடா. சும்மாதான்.”

அவன் முகத்தில் ஒரு பரிதாபம் வந்தது பாருங்கள்... அந்தப் பரிதாபத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதியாக வேண்டும் என்று நினைத்தேன்.

ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் போன வாரம் நடந்துவிட்டது. அந்தப் பையனின் அப்பா படியேறி மேலே வந்தார். சத்தம் போடவில்லை, கை நீட்டவில்லை. பையனைப் பார்த்து “வா” என்று ஒரே வார்த்தை. அவன் குச்சியை ஸ்டாண்டில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டான். அவர் மட்டும் என் பக்கம் திரும்பி, “சார், நீங்க படிச்சவங்களாத் தெரியுறீங்க. நீங்களே இங்கிட்டு வந்து நின்னா, இந்தப் பயலுக எப்படி சார் வெளங்குவாய்ங்க?” என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. வாய் வரவில்லை. இது அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில். நீங்கள் நடுவராக உட்கார்ந்து கேளுங்கள்.

முதலில் அவர் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர் பயப்படுவதில் உண்மை இல்லாமல் இல்லை. சில கடைகளில் பந்தயம் நடக்கிறது. சில கடைகளில் சிகரெட் புகைக்கு நடுவே பந்தைத் தேட வேண்டியிருக்கும். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு யூனிஃபார்மோடு வந்து நிற்கிற பயல்களும் உண்டு. இதெல்லாம் இல்லை என்று சாதித்தால் நான் பொய்யன்.

ஆனால் அவர் பயப்படுவது அந்தப் புகையைப் பார்த்து அல்ல, அந்த மேஜையைப் பார்த்து. அங்கேதான் எனக்கும் அவருக்கும் வழக்கு.

குற்றச்சாட்டு ஒன்று: இது சூதாட்டம்.

இந்தப் பழி எப்படி ஒட்டிக்கொண்டது தெரியுமா? நான் எழுத மறுத்தேனே அந்த ஆங்கிலப் பெயர், அதற்கு ‘எல்லோரும் பொதுவில் போட்ட பந்தயப் பணம்’ என்றும் ஓர் அர்த்தம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டுகிற அறைகளுக்கு அந்தப் பெயர். ஒரு ரேஸுக்கும் அடுத்த ரேஸுக்கும் நடுவில் வந்தவர்களுக்கு அலுப்புத் தட்டாமலிருக்க அங்கே பில்லியர்ட்ஸ் மேஜைகளைப் போட்டார்கள். சூது குதிரைக்கு. கெட்ட பேர் மேஜைக்கு! சாராயக் கடை வாசலில் நின்ற பாவத்துக்குப் பால்காரனைக் குடிகாரன் என்று சொன்ன கதைதான்.

இன்னொரு வேடிக்கை. அந்தக் குதிரைப் பந்தயமே சூது இல்லை, திறமை சார்ந்த ஆட்டம் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது நம் சென்னை கிண்டி ரேஸ் விஷயமாக வந்த வழக்கு. குதிரை ஓடுவதைப் பார்த்துப் பணம் கட்டுவது திறமை, தன் கையால் பந்தை அடிப்பது மட்டும் சூதா?

இதைவிடவும் என்னை எரிய வைக்கிற விஷயம் ஒன்று உண்டு. பல வருஷங்களாக வீட்டுக்கு வீடு, கைக்குக் கை, செல்போனில் ரம்மி ஆடினார்கள். சினிமா நட்சத்திரங்கள் சிரித்துக்கொண்டே விளம்பரம் செய்தார்கள். மாடிப்படி ஏற வேண்டாம், அப்பா கண்ணில் பட வேண்டாம். பையன் சமர்த்தாகப் போர்வைக்குள் படுத்திருக்கிறான் என்று அம்மா நினைத்துக்கொண்டிருப்பாள். உள்ளே அவன் அவள் தாலிச் சங்கிலியைத் தோற்றுக்கொண்டிருப்பான். உயிர்கள் போன பிறகுதான் தமிழக அரசு 2022-ல் சட்டம் கொண்டுவந்தது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023-ல் மறுபடி நிறைவேற்ற வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்ட்டில்தான் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நாடாளுமன்றம் தடை போட்டது.

இத்தனை காலமும் எத்தனை அப்பாக்கள் அந்த போனைப் பிடுங்கப் படியேறினார்கள்? நாலு பேர் பார்க்க, வெளிச்சத்தில், நின்றுகொண்டு ஆடுகிற ஆட்டத்துக்குக் கெட்ட பேர். இருட்டில் படுத்துக்கொண்டு ஆடியதற்கு ‘பையன் வெளியவே போகமாட்டான், தங்கம்’ என்ற சர்டிஃபிகேட்!

குற்றச்சாட்டு இரண்டு: அங்கே வருகிறவன் எல்லாம் ரவுடி.

இதற்கு ஊட்டிவரை போக வேண்டும். ஸ்நூக்கர் என்பது ஏதோ இங்கிலாந்து மாளிகையில் பிறந்த ஆட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அது நம் நாட்டுச் சரக்கு. 1875-ல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில் மழைக்காலப் பொழுது போகாமல் நெவில் சேம்பர்லின் என்ற வெள்ளைக்கார இளம் அதிகாரி உருவாக்கியது. (பின்னாளில் பிரதமராக இருந்த சேம்பர்லின் வேறு ஆள்.) அவர் பிறகு ஊட்டிக்கு வந்தார். அங்கே, நம் பழைய சென்னை மாகாணத்தின் ஊட்டி கிளப்பில்தான், 1882-ல் அந்த ஆட்டத்துக்கு விதிகள் எழுதப்பட்டன.

ஸ்நூக்கர் என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் தெரியுமா? ராணுவக் கல்லூரியில் முதல் வருஷம் சேர்ந்த கத்துக்குட்டிகளைக் கூப்பிடுகிற கேலிப் பெயர். ஒருத்தர் சுலபமான பந்தைத் தப்பவிட்டபோது, ‘போடா ஸ்நூக்கரு’ என்கிற மாதிரி சேம்பர்லின் கேலி செய்தாராம். பிறகு, இந்த ஆட்டத்தில் நாம் எல்லோருமே ஸ்நூக்கர்கள்தானே என்று சமாதானமும் சொன்னாராம். அப்படி ஒட்டிக்கொண்டது பெயர். உலகம் பூராவும் ஆடுகிற ஒரு ஆட்டத்துக்கு, ஜெயித்தவன் பெயரை வைக்கவில்லை. கத்துக்குட்டியின் பெயரை வைத்திருக்கிறார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

ஆக, மேஜை ஒன்றுதான். அது ஊட்டி கிளப்பில் இருந்தால் துரைமார் ஆட்டம். சென்னை கிளப்பில் இருந்தால் கனவான் ஆட்டம். விளாங்குடியில் பெயின்ட் கடைக்கு மேலே இருந்தால் ரவுடி ஆட்டம். மேஜையில் விரித்திருக்கிற பச்சைத் துணிக்கு எந்த ஊர் என்றாவது தெரியுமா?

வெள்ளைக்காரன் போய்விட்டான், அந்த மிடுக்கு போகவில்லை. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிளப் வாசலில், வேஷ்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. நீதிபதிக்கே அந்தக் கதி! அதற்கப்புறம் சட்டசபையில் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. வேஷ்டி கட்டியவரைத் தடுத்தால் ஒரு வருஷம்வரை ஜெயில், 25,000 ரூபாய்வரை அபராதம். சரி, வேஷ்டியை இனிமேல் தடுக்க முடியாது. மெம்பர் கார்டு கேட்பதை எந்தச் சட்டம் தடுக்கும்? பரவை மார்க்கெட்டில் கணக்கு எழுதுகிறவன் எந்த கிளப்பில் போய் ஆடுவான்? அவனுக்கு இருப்பது இந்த இரும்புப் படிக்கட்டு ஒன்றுதான். அதையும் ‘ரவுடிக் கூடாரம்’ என்று சொல்லி மூடிவிட்டால் ஆட்டம் யாரிடம் மிஞ்சும்? காசுள்ளவனிடம்.

கனவான், ரவுடி என்றதும் ஒரு ராத்திரி ஞாபகம் வருகிறது. அதே பையனோடு ஆட்டம். அவனுக்குக் கறுப்பு மட்டும் பாக்கி, பாக்கெட்டுக்கு நேரே நிற்கிறது. எனக்கு இன்னும் நாலு. குனிந்து குறி பார்த்தவன் நிமிர்ந்து, “அண்ணே, ஃபவுல்” என்றான். எனக்குப் புரியவில்லை. “சட்டக் கை உங்க பந்துல பட்ருச்சு. நீங்க ஆடுங்க” என்று குச்சியோடு ஒதுங்கி நின்றான்.

நான் பார்க்கவில்லை. பாயின்ட் குறிக்கிற மார்க்கர் பையன் செல்போனில் இருந்தான். தோற்றவர்தான் மேஜைக் காசு கட்ட வேண்டும் என்பது கடை வழக்கம். அன்றைக்கு இரண்டு மணி நேரத்துக்கு 240 ரூபாய். அவனுக்கு அரை நாள் சம்பளம். வெள்ளையை வேண்டிய இடத்தில் வைத்து ஆடும் சலுகை எனக்குக் கிடைத்தது. எப்படியோ தட்டித் தடவி நான் ஜெயித்தேன். காசை நான் கட்டுகிறேன் என்றேன். “ஆட்டம்னா ஆட்டம்ணே” என்று சொல்லிவிட்டுக் கட்டினான்.

தன் தப்பைத் தானே சொல்வது இந்த ஆட்டத்தின் பழைய மரபு. கிளப்பில் ஒருவர் இப்படிச் செய்தால் ‘ஜென்டில்மேன்’ என்று கைதட்டுவார்கள். அந்தப் பையனின் அப்பாவுக்கு இது தெரியாது. அவர் மகன் அந்த மாடியில் என்ன கற்றுக்கொண்டான் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஐயா, உங்கள் பையன் பொய் சொல்லாமல் தோற்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். இதை எந்த டியூஷன் சென்டரில் சொல்லித் தருகிறார்கள்?

குற்றச்சாட்டு மூன்றுதான் பெரியது. ‘இதுல என்ன பிரயோஜனம்?’

ஸ்பென்சர் என்ற ஆங்கிலத் தத்துவவாதி பெயரில் ஒரு வாசகம் நூறு வருஷத்துக்கு மேலாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பில்லியர்ட்ஸ் நன்றாக ஆடுகிறவன் இளமையை வீணடித்தவன் என்கிற மாதிரி. நம் ஊர்ப் பெரிசுகள் ஸ்பென்சரைப் படிக்காமலேயே அவர் கட்சி.

இந்தக் கேள்விக்கு என் கையில் ஒரு ரெடிமேட் பதில் இருக்கிறது. சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் விளையாட்டில் முதல் உலக சாம்பியன் பட்டம் எதில் கிடைத்தது? பில்லியர்ட்ஸில். 1958-ல் கல்கத்தாவில், வில்சன் ஜோன்ஸ். அப்புறம் மைக்கேல் ஃபெரேரா, கீத் சேத்தி, பெங்களூரின் பங்கஜ் அத்வானி என்று வரிசையாக உலக சாம்பியன்கள். 2025 நவம்பரில் தோஹாவில் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன், ஹாங்காங்கின் இங் ஆன் யீயைத் தோற்கடித்து உலக ஸ்நூக்கர் பட்டத்தை வாங்கி வந்தார். மேஜை வேறானாலும் கேரம்போர்டும் இதற்குச் சித்தப்பா பிள்ளைதான். வடசென்னையில் இருந்து வந்த ஆட்டோ டிரைவர் மகள் காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் ஜெயித்தார். அரசாங்கம் ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. சந்துகளில் லைட்டைக் கட்டித் தொங்கவிட்டு ஆடுகிற வடசென்னை கேரம் பையன்களையும் ‘தண்டச்சோறு’ என்று திட்டியவர்கள்தானே நாம்?

சாம்பியன் ஆன அன்றைக்கு மாலை. அதற்கு முதல் நாள்வரை விளக்குமாறு. இதுதான் நம் விளையாட்டுக் கொள்கை.

அனுபமா பட்டம் வாங்கிய செய்தி வந்த அன்று நான் எங்கள் ஹாலைச் சுற்றிப் பார்த்தேன். இரண்டே முக்கால் வருஷத்தில் அந்தப் படியில் ஒரு பெண் ஏறி நான் பார்த்ததில்லை. இந்தப் பக்கம் கல்லூரிக்குப் போகிற பெண்கள் தினம் நூற்றுக்கணக்கில் கீழே பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். ஒருத்திகூட நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டாள். பார்த்தால் என்ன பேர் வரும் என்று அவளுக்குத் தெரியும். ‘மோசமான இடம்’ என்று நாம் ஒதுக்கி வைக்க வைக்க, அது இன்னும் மோசமான இடமாகத்தான் ஆகும். நல்லவர்கள் வராத இடத்துக்கு யார் வருவார்கள்?

சரி, ரெடிமேட் பதிலைச் சொல்லிவிட்டேன். ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு இந்தப் பதிலே பிடிக்கவில்லை.

நாளைக்கு ஒரு சாம்பியன் வருவான், அதனால் இன்றைக்கு ஆட விடுங்கள் என்று கெஞ்சுவது என்ன நியாயம்? அப்படியானால் சாம்பியன் ஆகாதவனுக்கு ஆட உரிமை இல்லையா? நான் சாம்பியன் ஆகப் போவதில்லை. நாற்பத்தேழு வயதில் என் முழங்காலுக்கே அது தெரியும். அந்த மார்க்கெட் பையனும் அநேகமாக ஆக மாட்டான். காலையில் மூன்று மணிக்கு லாரி வரும்போது மண்டியில் நிற்க வேண்டியவன் அவன். எங்கள் இருவருக்கும் இந்த ஆட்டம் எதையும் கொடுக்காது. வேலையில் ஸ்போர்ட்ஸ் கோட்டா இல்லை, மார்க் இல்லை, கப் இல்லை. அப்புறம் எதற்கு ஆடுகிறோம்?

போன வருஷம் முடியாத ஒன்று இந்த வருஷம் முடிந்தது. அவ்வளவுதான். அதற்காகத்தான்.

இதை அற்பம் என்று நினைக்காதீர்கள். நாற்பதைத் தாண்டிய ஒரு ஆளை எடுத்துக்கொள்ளுங்கள்... ஏன், உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒன்றைக் கற்று, அதில் கேவலமாகத் தோற்று, மறுபடி தோற்று, ஒரு நாள் ‘அட, வந்துடுச்சே!’ என்று நீங்கள் குதித்தது கடைசியாக எப்போது? பலருக்கு சைக்கிள் கற்றுக்கொண்ட நாளாகத்தான் இருக்கும். அதற்கப்புறம் கற்றதெல்லாம் பரீட்சைக்கு, இன்டர்வியூவுக்கு, புரமோஷனுக்கு. ஒவ்வொன்றுக்கும் ‘எவ்வளவு ஜெயிச்சீங்க?’ என்று ஒரு ரேட் உண்டு. ரேட் இல்லாத சந்தோஷம் என்றால் நமக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

‘அமெச்சூர்’ என்ற வார்த்தையை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் பாருங்கள். நாடகம் சொதப்பினால் ‘ஒரே அமெச்சூர்த்தனம்’. அந்த வார்த்தையின் மூலத்துக்குப் போனால் அர்த்தம் ‘காதலிப்பவன்’. ஒரு காரியத்தை அதன் மேலுள்ள பிரியத்துக்காகவே செய்கிறவன். அந்த அழகான வார்த்தையைக்கூடக் கனவான்கள் திருடிக்கொண்டார்கள். 1879-ல் இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டியில் ‘அமெச்சூர்’ யார் என்று விதி எழுதினார்கள். கூலிக்கு வேலை செய்கிற மெக்கானிக், கைவினைஞர், தொழிலாளி யாரும் அமெச்சூர் ஆக முடியாது என்றார்கள். பிரியத்தோடு விளையாட உழைப்பாளிக்கு உரிமை கிடையாதாம்! நாம் அந்த விதியைச் சட்டமாக எழுதவில்லை. மனசில் எழுதி வைத்திருக்கிறோம். பணக்காரர் மாலையில் கோல்ஃப் ஆடினால் ஹாபி. மண்டியில் கணக்கு எழுதுகிறவன் மாலையில் எட்டுப் பந்து ஆடினால் ஊர் சுற்றுகிறான்.

அரசாங்கம் விளையாட்டுக்குச் செலவே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் மதுரைக்கே எவ்வளவு வந்திருக்கிறது! 2024 ஜனவரியில் அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் ஏறுதழுவுதல் அரங்கம் பிரமாண்டமாகத் திறந்தார்கள். 2025 கடைசியில் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை ஆட்டங்கள் மதுரையில் நடந்தன. ரொம்ப சந்தோஷம். நானும் போய்க் கைதட்டுவேன். ஆனால் கவனியுங்கள், இதெல்லாம் நாம் உட்கார்ந்து பார்க்க. நாம் எழுந்து நின்று ஆட எங்கே இடம்?

எனவே என் கோரிக்கை ரொம்பச் சின்னது. மதுரை மாநகராட்சியில் நூறு வார்டு இருக்கிறது. வார்டுக்கு ஒரு அறை கொடுங்கள். ஸ்டேடியம் வேண்டாம், திறப்பு விழா வேண்டாம். சாயங்காலம் ஆறு மணிக்குத் திறந்து ராத்திரி பத்துக்கு மூடுகிற, லைட் எரிகிற, கதவு திறந்திருக்கிற, பெண்களுக்குத் தனி நேரமும் ஒதுக்குகிற ஒரு அறை. இரண்டு கேரம்போர்டு, நாலு செஸ் போர்டு, முடிந்தால் ஒரு பச்சை மேஜை. ‘புகை பிடிக்கக் கூடாது, பந்தயம் கூடாது’ என்று ஒரு போர்டு. அதை நிஜமாகவே அமல்படுத்த ஒரு ஆள். அவ்வளவு போதும்.

அதுவரை, இருக்கிற கடைகளை விரட்டாதீர்கள். போலீஸ் வந்தால் பந்தயம் நடக்கிறதா என்று பார்க்கட்டும், நடந்தால் பிடிக்கட்டும். ஆடுகிறவன் தலைமுடியையும் கைலியையும் பார்த்து ‘எந்த ஏரியாடா நீ?’ என்று கேட்க வேண்டாம். கடைக்காரர்களும் ஜன்னலைத் திறங்கள் ஐயா. ஒளித்து வைக்க ஒன்றும் இல்லை என்றால் கறுப்புக் கண்ணாடி எதற்கு?

பெற்றோருக்கும் ஒன்று. பையன் எங்கே போகிறான் என்று வேவு பார்ப்பதைவிட, ஒரு நாள் கூடவே படியேறிப் போங்கள். பத்து நிமிஷம் நின்று பாருங்கள். பந்தயம் நடந்தால் காதைப் பிடித்து இழுத்து வாருங்கள், நான் உங்கள் கட்சி. நடக்கவில்லை என்றால், ‘அந்தப் பந்தை ஏன் அந்தப் பக்கமா அடிச்ச?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவன் முகம் எப்படி மலர்கிறது என்று பாருங்கள். ஜோக் அடிக்கவில்லை. பத்தொன்பது வயதுப் பையனிடம் பேச அப்பாக்களுக்கு விஷயமே கிடைக்காத காலம் இது.

பரவை மார்க்கெட்டுக்கார ஐயா, நீங்கள் இந்தப் பத்திரிகை படிப்பீர்களா என்று எனக்குத் தெரியாது. மண்டியில் யாராவது படித்துச் சொல்லலாம். அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு இதுதான் என் பதில். நான் படித்தவன்தான். படித்த எதுவும் எனக்குச் சொல்லித் தராத ஒன்றை உங்கள் பையன் ஒரு ஃபவுலில் சொல்லிக் கொடுத்தான். அவன் அங்கே வந்து கெட்டுப்போகவில்லை. அவன் வந்ததால் அந்த இடம் கொஞ்சம் நல்ல இடமாக இருந்தது.

அவன் வராமல் ஒரு வாரம் ஆகிறது. நான் போகிறேன், தனியாக உடைக்கிறேன், தனியாக அடுக்குகிறேன். ரன் அவுட் மறுபடி ஒரு தடவைகூட வரவில்லை. சேம்பர்லின் சொன்னது சரி, எல்லோரும் ஸ்நூக்கர்கள்தான்.

அவனை அனுப்பி வையுங்கள். வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, ஒரு மணி நேரம் மட்டும் வரட்டும். இது வரைக்கும் அவனுக்கு ரன் அவுட் அமைந்ததில்லை. ஏழு பந்து முடித்துக் கறுப்பில் இரண்டு தடவை தப்பவிட்டிருக்கிறான். மூன்றாவது தடவை கட்டாயம் விழும்.

அன்றைக்கு நான் குச்சியைத் தொடாமல் ஓரமாக நிற்க வேண்டும். கீழே போய் டீயை நான்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். அவன் வீட்டுக்கு வந்து உங்களிடம் விஷயத்தைச் சொல்வான். அப்போது தயவுசெய்து, ‘எவ்வளவுடா ஜெயிச்ச?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.